கறுப்பா, சில்வரா? ஒரு கமரா நிறத்தின் நூறு வருடக் கதை

"சேர், ஒரே மொடல் கமரா ரெண்டு இருக்கு. ஒண்டு கறுப்பு, மற்றது சில்வர். ரெண்டும் பாவிச்சதுதான். கறுப்புக்கு பதினைஞ்சாயிரம் கூடக் கேக்குறாங்க. கறுப்புத்தானே ப்ரொபெஷனல் ஆக்கள் பாவிக்கிறது? எதை எடுக்க?"

என்னிடம் படித்த ஒரு பிள்ளை அனுப்பிய செய்தி இது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் தொழிலை இப்போதுதான் தொடங்குகிறார். கையில் இருப்பது உம்மா சீட்டுப் பிடித்து எடுத்துக் கொடுத்த காசு. அந்தக் காசுக்குள் கமராவும் வேண்டும், லென்சும் வேண்டும், மெமரி கார்டும் வேண்டும். அந்த நிலைமையில் பதினைந்தாயிரம் ரூபாய் சின்னக் காசு அல்ல. அவருக்கு அன்றைக்கே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன்: சில்வரை எடுங்க மகன், மிச்சக் காசை லென்சுக்கு வையுங்க.

ஆனால் "கறுப்புத்தானே ப்ரொபெஷனல்" என்ற வார்த்தை மனதில் நின்றுவிட்டது. இது அவர் ஒருவருடைய எண்ணம் அல்ல. கல்யாண வீட்டுக்கு ஒருவர் சில்வர் கமராவோடு வந்தால் "புதுசாப் பழகுறவர் போல" என்று பார்க்கிற ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஜேர்மனியின் ஒரு தொழிற்சாலை, துருக்கியின் சுரங்கம், போர்க்களம், சந்திரன் என்று எல்லாம் குறுக்கே வருகின்றன. வரலாறு படிப்பிக்கிற ஒருவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கமராவின் உட்புறம் எப்போதும் கறுப்புத்தான். அங்கே தெரிவுக்கு இடமே இல்லை. உள்ளே வருகிற ஒளி சுவரில் பட்டுச் சிதறினால் படம் வெளுத்துப் போகும். ஆகவே பளபளப்பில்லாத கறுப்புப் பூசியே ஆக வேண்டும். வெளிப்புறத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கமராக்களை மரத்தில் செய்து, மெருகு பூசி, பித்தளைப் பூட்டுகள் போட்டார்கள். பார்ப்பதற்கு வீட்டுத் தளபாடம் மாதிரி இருக்கும்.

இன்றைக்கு நாம் கமரா என்று நினைக்கிற உருவம் பரவலானது 1925ஆம் ஆண்டிலிருந்துதான். அந்த வருடம் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த வசந்தகாலச் சந்தையில், நுணுக்குக்காட்டி செய்வதில் பெயர் பெற்ற எர்ன்ஸ்ட் லைட்ஸ் கொம்பனி ஒரு சின்னக் கமராவைக் கொண்டுவந்து வைத்தது. அதுதான் லைக்கா. அதை வடிவமைத்தவர் அங்கே வேலை செய்த ஒஸ்கார் பார்னக். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. பெரிய கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டு மலையேற முடியாத மனிதர், சினிமாப் பிலிமை வைத்து உள்ளங்கையில் அடங்கும் கமரா ஒன்றை உருவாக்கினார்.

அந்த லைக்காவின் நிறம் கறுப்பு. உடம்பு முழுக்கக் கறுப்பு எனாமல், மேலே திருகிகளுக்கும் குமிழ்களுக்கும் நிக்கல் முலாம். ஏன் கறுப்பு என்றால், அதற்குப் பெரிய காரணம் எதையும் தேடத் தேவையில்லை. அந்தக் காலத்தில் தட்டச்சு இயந்திரம், நுணுக்குக்காட்டி, தையல் மெஷின் எல்லாம் கறுப்பு எனாமல்தான். உங்கள் உம்மம்மாவின் சிங்கர் மெஷினை நினைத்துப் பாருங்கள், அதே கறுப்பு. உலோகச் சாமான் என்றால் கறுப்புப் பூசுவது வழமை, அவ்வளவுதான். அன்றைக்கு லைக்கா வாங்கப் போனவருக்கு "எந்த நிறம்?" என்ற கேள்வியே இருக்கவில்லை.

கேள்வி வந்தது 1933இல்.

குரோமியத்தை இன்னொரு உலோகத்தின் மேல் முலாமாகப் பூசுவது தொழிற்சாலை அளவில் கைகூடியது 1920களின் நடுப்பகுதியில்தான். அதுவரை பளபளப்பு வேண்டுமென்றால் நிக்கல். ஆனால் நிக்கல் நாளடைவில் மங்கும், மஞ்சள் தட்டும், அடிக்கடி துடைக்க வேண்டும். குரோம் அப்படியல்ல. கடினமானது, கீறல் விழுவது குறைவு, கை வியர்வைக்கு அசையாது. மோட்டார் கார்களின் முகப்பு முதல் குளியலறைக் குழாய் வரை எல்லாம் அந்தப் பத்து வருடத்துக்குள் நிக்கலிலிருந்து குரோமுக்கு மாறின. 1933இல் வந்த லைக்கா 3 என்ற மொடலை குரோமிலும் வாங்கலாம் என்று கொம்பனி அறிவித்தது. கண்ணாடி மாதிரிப் பளபளக்காமல், மேற்பரப்பை முதலில் மங்கலாக்கி அதன் மேல் பூசிய குரோம். இன்று நாம் "சில்வர் கமரா" என்று சொல்கிற நிறம் அதுதான். அதில் வெள்ளி என்ற உலோகம் துளியும் இல்லை!

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். அன்றைக்குப் புதுமை சில்வர், பழைய வழமை கறுப்பு. எனாமல் பூசிய கமரா இரண்டு வருடத்தில் ஓரங்களில் உரிந்து பித்தளை தெரியும். குரோம் கமரா அப்படியே இருக்கும். லைக்காவின் போட்டிக் கமராவான கொன்டக்ஸ் 1932இல் கறுப்பாகத்தான் வந்தது. 1936இல் அதன் இரண்டாவது மொடல் வந்தபோது முழுக்கக் குரோம். அந்தக் காலத்து நல்ல படப்பிடிப்பாளரிடம் "ப்ரொபெஷனல் நிறம் எது?" என்று கேட்டிருந்தால், அவர் தயங்காமல் குரோமைக் காட்டியிருப்பார்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. குரோமியம் வெறும் அழகுக்கான உலோகம் அல்ல. உருக்கோடு கலந்தால்தான் ஆயுதங்களுக்கும் இயந்திரங்களுக்கும் தேவையான கடினம் கிடைக்கும். ஜேர்மனிக்கு அந்தத் தாது பெரும்பாலும் துருக்கியிலிருந்து வர வேண்டியிருந்தது. நடுநிலை வகித்த துருக்கியை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கடைசியில் நேச நாடுகளின் நெருக்குதலால் 1944 ஏப்ரலில் துருக்கி ஜேர்மனிக்கான குரோம் ஏற்றுமதியை நிறுத்தியது. கமராவுக்கு முலாம் பூசவா குரோமியம் இருக்கும்? போர்க்காலத்து லைக்கா 3சி கமராக்களில் ஒரு தொகுதி சாம்பல் நிறப் பெயின்டோடு வந்தது. இன்றைக்கு அந்தச் சாம்பல் கமராக்களைச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த நிறம் பின்னாளில் அபூர்வமாகிவிட்டது.

போர்க்களம் என்றால் பளபளப்பு ஆபத்து, ஆகவேதான் படப்பிடிப்பாளர்கள் கறுப்புக்கு மாறினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. 1944 ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையில் அமெரிக்கச் சிப்பாய்களோடு தண்ணீரில் இறங்கியவர் ரொபர்ட் கப்பா. குண்டுகள் பறக்க, கைகள் நடுங்க அவர் எடுத்த அந்த ஆட்டம் கண்ட படங்கள்தான் போர்ப் புகைப்பட வரலாற்றிலேயே அதிகம் பேசப்படுபவை. அவற்றை எடுத்தது கொன்டக்ஸ் இரண்டாவது மொடலில். அதாவது, பளபளக்கும் குரோம் கமராவில். நிறம் பற்றி யாராவது உங்களிடம் அடித்துப் பேசினால் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், ஹென்றி கார்ட்டியே பிரெசோன். 1932இல் மார்செய் நகரில் தன் முதல் லைக்காவை வாங்கியவர். 1940இல் ஜேர்மனியரிடம் சிறைப்படுவதற்கு முன் கமராவை மண்ணில் புதைத்து வைத்தார். மூன்றாவது முயற்சியில் தப்பி வந்து அதைத் தோண்டி எடுத்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தான் அங்கே நிற்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. தெருவில், சந்தையில், சனத்துக்கு நடுவில் குரோமின் மினுக்கம் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? பளபளக்கும் இடங்களில் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். புதிய கறுப்புக் கமராவுக்கு மேலதிகக் காசு கொடுக்கவில்லை. டேப் ஒரு சுருள், அவ்வளவுதான் செலவு.

அவரைப் பார்த்தும், தங்கள் சொந்த அனுபவத்திலும், பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பலர் தங்கள் கமராவைக் கறுப்பாக்க விரும்பினார்கள். அப்போது லைக்கா கொம்பனியின் பெரிய வெற்றி 1954இல் வந்த எம்3. மொத்தம் 2 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள், மிகப் பெரும்பாலானவை குரோம். லைஃப் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக 1955இல் நான்கு கமராக்களைத் தனியாகச் செய்து கொடுத்தார்கள், அவை கறுப்பு. 1950களின் பிற்பகுதியில் மற்றவர்களும் கேட்க, சிறு சிறு தொகுதிகளாகக் கறுப்பு எம்3 வெளியே வந்தது. டங்கனின் அந்த நான்கில் ஒன்று 2012இல் வியன்னாவில் ஏலம் போனபோது 16 இலட்சத்து 80 ஆயிரம் யூரோவுக்கு விற்பனையானது.

இதே டங்கன்தான் 1950இல் ஜப்பானில் இருந்தபோது நிக்கோர் லென்சுகளின் தரத்தைக் கண்டு வியந்து, அவற்றோடு கொரியப் போருக்குப் போனவர். ஜப்பான் லென்ஸ் என்றால் மேற்கு நாட்டார் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1959இல் நிக்கொன் எஃப் வந்தது, குரோமிலும் கறுப்பிலும். அறுபதுகளின் பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் தொங்கியது பெரும்பாலும் அதுதான்.

கணக்கு மாறிப்போனது இந்தக் காலத்தில்தான். கறுப்பு உடம்புகளைக் குறைவாகச் செய்தார்கள். குறைவாகச் செய்தபடியால் விலையைக் கூட்டினார்கள். விலை கூடியபடியால் அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழிலாகப் படம் எடுத்தவர்கள். பொதுமக்கள் பார்த்தது என்ன? பெரிய பெரிய ஆட்கள் கையில் கறுப்பு, கல்யாண வீட்டு மாமா கையில் குரோம். முப்பது வருடத்துக்கு முன்னால் வெறும் வழமையாக இருந்த கறுப்பு இப்போது அந்தஸ்தின் அடையாளம். கமராவுக்குள்ளே இருக்கும் பல்சக்கரம், திரை, லென்ஸ் எதிலும் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போய் வந்தவர்களின் பெட்டியில் வந்த யஷிக்கா கமராக்களை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். யஷிக்கா இலெக்ட்ரோ 35 என்று ஒரு வரிசை. 1973இல் அதில் ஜிஎஸ்என், ஜிடிஎன் என்று இரண்டு பெயர்களில் கமரா வந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஜிஎஸ்என் குரோம், ஜிடிஎன் கறுப்பு. வேறொன்றுமில்லை. நிறத்துக்காகவே வேறு பெயர்! பெயர் வேறென்றால் கமராவும் வேறென்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

கறுப்பு எனாமலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது தேயும். விரல் படும் ஓரங்களில் பூச்சுப் போய் உள்ளிருக்கும் பித்தளை மஞ்சளாக மினுங்கும். ஆரம்பத்தில் இது குறை. குரோமில் இந்தக் குறை இருக்கவில்லை. ஆனால் தேய்ந்த கமராவை வைத்திருப்பவர் நிறைய உழைத்தவர் என்று ஒரு எண்ணம் வளர்ந்ததும், அந்தத் தேய்மானமே அழகாகிவிட்டது. 1971இல் லைக்கா எம்5 கமராவில் கறுப்புக் குரோம் என்ற முலாம் வந்தது. கறுப்பாகவும் இருக்கும், லேசில் தேயவும் மாட்டாது. நியாயப்படி எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பழைய பெயின்ட்தான் வேண்டும் என்று சொன்ன ஆட்கள் குறையவில்லை. 2015இல் இது உச்சத்துக்குப் போனது. இசைக் கலைஞர் லெனி கிராவிட்ஸின் வடிவமைப்பில் லைக்கா 125 கமராத் தொகுதிகளை வெளியிட்டது. புதுக் கமரா, ஆனால் கறுப்புப் பெயின்டைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்து, பல வருடம் பாவித்தது போல ஆக்கி விற்றார்கள். உழைக்காமலே உழைத்த தோற்றம். எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

பழைய கறுப்பு எம்3 கமராக்களின் விலை ஏறியதும் இன்னொரு தொழிலும் தொடங்கியது. சாதாரணக் குரோம் கமராவை வாங்கி, குரோமை அகற்றிக் கறுப்புப் பூசி, தொழிற்சாலையிலிருந்தே கறுப்பாக வந்தது என்று விற்கிறார்கள். தொடர் இலக்கத்தை வைத்துத்தான் உண்மையைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் நிறத்தால் எந்தப் பயனும் இல்லையா? அப்படிச் சொன்னால் அது பொய். நிறம் உண்மையாகவே முக்கியமாகிய இடங்கள் உண்டு. அதற்கு நான் அறிந்ததில் மிக நல்ல சாட்சி விண்வெளிப் பயணம்.

1962 ஒக்டோபரில் அமெரிக்க விண்வெளி வீரர் வொலி ஷிரா பூமியைச் சுற்றப் போனார். கையில் கொண்டுபோக ஹூஸ்டனில் ஒரு கமராக் கடையில் ஹெசல்பிளாட் 500சி ஒன்றை வாங்கினார். சுவீடன் நாட்டுக் கமரா, பளபளக்கும் குரோம் ஓரங்களோடு வரும். விண்கலத்துக்குள் அது பிரச்சினை. சின்ன யன்னல் கண்ணாடி வழியாகத்தான் வெளியே படம் எடுக்க வேண்டும், பளபளக்கும் கமரா அந்தக் கண்ணாடியில் தெறித்து, பூமியின் படத்துக்கு மேலே கமராவின் நிழலும் விழும். ஆகவே பறப்பதற்கு முன் அதற்குக் கறுப்புப் பூசினார்கள்.

ஏழு வருடம் கழித்து, 1969 ஜூலையில் அப்பலோ 11. சந்திரனில் இறங்கி நடப்பவர்களுக்கும் ஹெசல்பிளாட்தான். ஆனால் இந்தத் தடவை வெளியே கொண்டுபோகும் கமராவுக்குச் சில்வர் நிறம் கொடுத்தார்கள். சந்திரனில் காற்று இல்லை. வெயிலில் 120 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடும், நிழலில் கடுங்குளிர். கறுப்புப் பொருள் வெப்பத்தை உறிஞ்சும், வெளிர் நிறம் தெறிக்க வைக்கும் என்று சின்ன வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் படித்தோமே, அதே விதிதான். பிலிம் கெடாமல் இருக்க வேண்டும், பொறி இறுகாமல் இருக்க வேண்டும். ஒரே கொம்பனிக் கமரா, ஒரே விண்வெளித் திட்டம். கலத்துக்கு உள்ளே கறுப்பு, சந்திரத் தரையில் சில்வர். "எது நல்ல நிறம்?" என்று அவர்கள் கேட்கவில்லை. "கமரா எங்கே நிற்கப் போகிறது?" என்று கேட்டார்கள். அந்தச் சில்வர் கமரா இன்றைக்கும் சந்திரனில்தான் கிடக்கிறது. பாரத்தைக் குறைக்க உடம்பையும் லென்சையும் அங்கே விட்டுவிட்டு, பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள்.

கிரிக்கெட் போட்டிகளில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் வரிசையாக நிற்கும் பெரிய வெள்ளை லென்சுகளைக் கண்டிருப்பீர்கள். அவை வெள்ளையாக இருப்பதற்கும் இதே வெப்பம்தான் காரணம். மணிக்கணக்காக வெயிலில் நிற்கும் நீளமான லென்ஸ் சூடாகி விரிந்தால் கூர்மை கெடும்.

பூமிக்குத் திரும்புவோம். 1976இல் கெனன் ஏஈ-1 வந்தது. அதன் மேல்தட்டு உலோகம் மாதிரித் தெரியும், ஆனால் பிளாஸ்டிக். அதன் மேல் குரோம் போலவும் கறுப்பு போலவும் பூச்சு. அதற்குப் பிறகு எண்பதுகளின் நடுவில் தானாகக் குவியம் பிடிக்கும் கமராக்கள் வந்தபோது உடம்பே பிளாஸ்டிக்காகி, எல்லாம் கறுப்பாகின. இந்தத் தடவை கறுப்புக்குக் காரணம் இரகசியமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. பிளாஸ்டிக்கிலேயே நிறத்தைக் கலந்துவிட்டால் தனியாக முலாம் பூசும் செலவு மிச்சம். எல்லோருடைய கமராவும் கறுப்பு என்றானதும் கறுப்பின் மதிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் கொம்பனிகள் சில்வரைக் கீழே இறக்கின.

டிஜிட்டல் காலத்தின் தொடக்கத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2003இல் கெனன் இரண்டு கமராக்களை விட்டது. முதலில் ஈஓஎஸ் 10டி: கறுப்பு, உலோக உடம்பு, அமெரிக்காவில் 1,499 டொலர். சில மாதத்தில் ஈஓஎஸ் 300டி: சில்வர் பிளாஸ்டிக், உடம்பு மட்டும் 899 டொலர். இரண்டுக்குள்ளும் இருந்தது 63 இலட்சம் புள்ளிகள் கொண்ட ஒரே சென்சர். படத்தின் தரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். உடம்பின் பலத்திலும் வேகத்திலும் வித்தியாசம் இருந்தது உண்மை. அதே நேரம் 300டியில் சில வசதிகள் மென்பொருளால் மூடி வைக்கப்பட்டிருந்தன, பிற்பாடு இணையத்தில் சிலர் அவற்றைத் திறந்து காட்டினார்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சில்வர் என்றால் மலிவானது, கறுப்பு என்றால் பெரியது. "கறுப்புத்தானே ப்ரொபெஷனல்" என்று இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் சொல்வது லைக்காக் காலத்திலிருந்து நேரே வந்ததல்ல. பெரும்பாலும் இந்த 2003இலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

அதே சில்வர் மறுபடி மேலே ஏறியதையும் நாம் கண்டோம். 2011இல் புஜிபிலிம் எக்ஸ்100 பழைய லைக்காவின் சாயலில் சில்வரில் வந்தது, ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு கறுப்பைக் குறைந்த எண்ணிக்கையில் "விசேட பதிப்பு" என்று விட்டார்கள். 2021இல் நிக்கொன் இசட் எஃப்சி, எண்பதுகளின் எஃப்எம்2 கமராவை நினைவூட்டும் சில்வரில். இன்றைய இளைஞனுக்குச் சில்வர் என்றால் பழைமையின் அழகு. நூறு வருடத்துக்குள் கறுப்பு வழமையாக இருந்து, அந்தஸ்தாகி, மறுபடி வழமையாகியது. சில்வர் ஆடம்பரமாக இருந்து, மலிவாகி, மறுபடி ஆடம்பரமாகியது.

நிறம் மாறினால் பொருளும் மாறும் கமரா ஒன்று உண்டென்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் வந்த லைக்கா எம்11. அதன் கறுப்புக் கமராவுக்கு மேல்தட்டு அலுமினியம், சில்வருக்குப் பித்தளை. பற்றரியோடு கறுப்பு 530 கிராம், சில்வர் 640 கிராம். நாள் முழுக்கத் தோளில் தொங்கினால் 110 கிராம் தெரியும். அங்கே நிறத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. எங்கள் கடைகளில் வரும் கமராக்களில் இப்படி வித்தியாசம் உண்டா என்று வாங்குமுன் பாரத்தைப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே கிராம் என்றால் உள்ளும் ஒன்றுதான்.

இனித் தொழில் செய்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. நகைக்கடைக்கோ, கண்ணாடிச் சாமானுக்கோ, பளபளக்கும் பாத்திரத்துக்கோ நெருங்கிப் படம் எடுப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் கறுப்பு உதவும். சில்வர் உடம்பு அந்தப் பொருளில் தெறித்துத் தெரியும். அப்போதும் ஒரு கறுப்புத் துணியால் மூடினால் வேலை முடிந்தது. கடற்கரையில், மைதானத்தில், உச்சி வெயிலில் நிற்கிறவருக்குச் சில்வர் கொஞ்சம் குறைவாகச் சூடாகும். வாகனத்துக்குள் யன்னலோரம் வைத்துவிட்டுப் போனால் இரண்டு நிறமும் கெடும், அதைச் செய்யவே வேண்டாம். பாவித்த கமரா வாங்கும்போது, கறுப்பு உலோக உடம்பு என்றால் ஓரங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து முன்பு எவ்வளவு வேலை செய்தது என்று ஓரளவு சொல்லலாம். குரோம் அதைக் காட்டாது, ஆகவே குரோமில் அடித்தட்டையும், பட்டி கொளுவும் வளையங்களையும், திருகாணிகளையும் நன்றாகப் பாருங்கள். பிளாஸ்டிக் மேல் சில்வர் பெயின்ட் என்றால் கைப்பிடி ஓரங்கள் முதலில் போகும். அது அழகுக் குறை மட்டுமே, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாட்டு.

கறுப்புக் கமரா என்றால் ஆட்களுக்குத் தெரியாமல் எடுக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பாரிஸ் தெருவில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் அது சரியாக இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் யார் கமரா வைத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் எடுப்பதென்றால் வீட்டுக்காரரிடம் முதலே கேட்க வேண்டும். கேட்ட பிறகு கமரா எந்த நிறமாக இருந்தால்தான் என்ன? கேட்காமல் எடுத்தவருக்கு மறு கல்யாணத்துக்கு அழைப்பு வராது. கறுப்பு உடம்பால் அதை மறைக்க முடியாது.

வாடிக்கையாளர் மதிக்க வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். தொழிலில் தோற்றத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. கோட் அணிந்து போகிற சட்டத்தரணி மாதிரி. ஆனால் அந்தக் காசு லென்சிலிருந்து வெட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலை வெளிச்சம் போன பிறகு, மண்டப விளக்கில், மணப்பெண்ணின் முகத்தைத் தெளிவாக எடுத்துத் தருவது அகலமாகத் திறக்கும் லென்ஸ். அல்பத்தைப் புரட்டுகிறவர் எந்த நிறக் கமராவில் எடுத்தது என்று கேட்பதில்லை. அப்படியும் மனம் கேட்கவில்லையென்றால் ஹார்ட்வெயார் கடையில் கறுப்பு டேப் இருக்கிறது. கார்ட்டியே பிரெசோனுக்குப் போதுமாக இருந்தது!

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் முன்பு ஸ்டூடியோ நடத்தியவர்களின் வீடுகளிலும், வெளிநாடு போய் வந்தவர்களின் அலுமாரிகளிலும் பழைய கமராக்கள் இன்னும் கிடக்கின்றன. வேலை செய்யாவிட்டாலும் எறிந்துவிட வேண்டாம். ஒரு படம் பிடித்துக் கீழே போடுங்கள்: என்ன கமரா, எந்த வருடம் வந்தது, யார் கொண்டுவந்தார், கறுப்பா, சில்வரா. யஷிக்கா ஜிடிஎன் ஒன்று யாரிடமாவது இருந்தால் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஜிஎஸ்என் ஒன்று என்னிடம் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.